கிடுகுக் கூரைக்குக் காப்புறுதி இல்லையாம்

காப்புறுதி என்றதும் எமது சகோதரிகளில் அனேகருக்கு ஆயுள் காப்புறுதிதான் நினைவுக்கு வரும். வீடு தேடி வந்து பேசும் முகவர், பிள்ளையின் பெயரில் மாதாமாதம் கட்டிய காசு, இடம்பெயர்ந்தபோது கட்டமுடியாமல் விடுபட்டுப்போன பத்திரம் என்பவைதான் எங்கள் அனுபவம். செய்கின்ற தொழிலுக்கும் காப்புறுதி எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "அது பெரிய முதலாளிமாருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள்.

நான் வேலை செய்யும் கிளிநொச்சி மாவட்டத்தில் இந்தப் பேச்சு பெண்கள் குழுக்களில் எழுந்தது 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகுதான். அந்த மாதம் 21, 22 ஆம் திகதிகளில் பெய்த மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாடசாலைகளில் போய் இருந்தன. மீளக்குடியமர்ந்து எட்டு ஒன்பது வருடங்களில் சிறுகச் சிறுகச் சேர்த்த தையல் மெஷின், கோழிக்கூடு, கடைச் சாமான் எல்லாம் நீருக்குள் கிடந்தன. கடன் மட்டும் அப்படியே இருந்தது.

எங்கள் குழுவில் மிளகாயும் மாவும் அரைக்கும் மில் நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய மோட்டார் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்து எரிந்துபோனது. மறு வருடம் கடன் எடுத்துப் புது மோட்டார் பூட்டியவுடன் அவர் என்னிடம் கேட்டார்: "பிள்ளை, இந்த முறை இதுக்கு ஏதும் காப்புறுதி போடேலாதோ?" நகரத்தில் இருந்த ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளைக்கு அவருக்குத் துணையாகப் போனேன். பின்னர் வேறு பெண்களோடும் வேறு கிளைகளுக்குப் போயிருக்கிறேன். அங்கெல்லாம் கேட்டும் பார்த்தும் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவர்கள் விரும்பி எடுப்பவை எவை? வாகனம். இலங்கையில் பொதுக் காப்புறுதி வியாபாரத்தில் பெரிய பங்கு வாகனக் காப்புறுதிதான். சட்டப்படி கட்டாயம் என்பதால் வாடிக்கையாளர் தானாகவே தேடி வருவார். அதற்கடுத்து கல்லாலோ சீமெந்தாலோ கட்டி ஓடோ தகரமோ போட்ட கட்டடம். அதற்குள்ளே தீப்பிடிக்காத சாமான் இருந்தால் இன்னும் சந்தோசம். இரும்புக் கடை, பாத்திரக் கடை, மருந்துக் கடை, அலுவலகம், தனியார் கல்வி நிலையம் போன்றவற்றுக்கு அதிகம் கேள்வி கேட்கமாட்டார்கள். தையல் கடை துணி நிறைந்ததுதான். ஆனாலும் கட்டடம் நல்லதாக, மின்சார வயர் ஒழுங்காக இருந்தால் எடுப்பார்கள்.

தயங்குவதும் மறுப்பதும் இவை: விறகு போட்டு எரிக்கும் பேக்கரி, மரக்காலை, தச்சுப் பட்டறை, தும்புத் தொழில், பஞ்சு மெத்தை செய்யும் இடம், எண்ணெய்ச் செக்கு, பிளாஸ்ரிக், மண்ணெண்ணெயும் எரிவாயுவும் சேர்த்து வைக்கும் கடை. பட்டாசு என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். எந்தத் தொழிலாக இருந்தாலும் கிடுகுக் கூரை, பலகைச் சுவர், ஓலை வேலி என்றால் முகம் மாறும். மறுக்காவிட்டாலும் கட்டுப்பணத்தைக் கூட்டுவார்கள். எங்கள் பெண்கள் செய்யும் பனையோலை வேலை, கருவாடு, கொட்டிலில் கோழி எல்லாமே இந்தப் பக்கத்தில்தான் விழுகின்றன.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது உல்ரிக் பெக் என்ற ஜேர்மன் அறிஞர் 1986 இல் எழுதிய "அபாய சமூகம்" பற்றிப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். நவீன காலத்து அபாயங்கள் பணக்காரர், ஏழை என்று பாராமல் எல்லோரையும் தொடும் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. அந்தக் கிளையில் கதிரையில் இருந்தபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது. அபாயம் எல்லோரையும் தொடலாம். காப்புறுதி கூரையைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறது.

ஆனாலும் அவர்களுடைய கணக்கு விளங்காத கணக்கல்ல. எங்கள் ஊர்ச் சீட்டுப் போலத்தான். பலர் போட்ட காசில் இழந்த சிலருக்குக் கொடுக்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் இழந்தால் சீட்டு உடைந்துவிடும். தீ ஒரு கடையில் பிடிக்கும். வெள்ளம் ஒரு கிராமத்தையே எடுக்கும். அதனால்தான் ஏற்கனவே வெள்ளம் வந்த தாழ்ந்த நிலத்துக்கு வெள்ளக் காப்பு கேட்டால் தயங்குகிறார்கள். பெரிய இழப்புகளுக்காகக் கம்பனிகளே வெளிநாட்டுக் கம்பனிகளிடம் மீள்காப்புறுதி எடுக்கின்றன. அவர்கள் வேண்டாம் என்றால் இவர்களும் வேண்டாம் என்பார்கள். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நடந்தது அதுதான். கலவரத்தையும் பயங்கரவாதத்தையும் பொறுப்பேற்க வெளியார் பின்வாங்கியதால் 1980களின் இறுதியில் அரசாங்கமே அதற்கென நிதியம் அமைக்க வேண்டி வந்தது. இப்போது அது 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கையில் இருக்கிறது. யுத்தமும் உள்நாட்டுப் போரும் மட்டும் சாதாரண தீக்காப்புறுதிப் பத்திரத்தில் என்றைக்குமே சேர்ந்ததில்லை. வன்னியில் இழந்த கடைகளுக்கு ஏன் ஒரு சதமும் வரவில்லை என்று கேட்ட அம்மா ஒருவருக்கு நான் இதைத்தான் விளக்க வேண்டியிருந்தது. அவர் தன்னிடம் இருந்த பழைய பத்திரத்தை மடித்து வைத்துவிட்டார்.

"தீக்காப்புறுதி" என்ற பெயரில் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அடிப்படைப் பத்திரம் தீக்கும் மின்னலுக்கும்தான். புயல், வெள்ளம், களவு, மின் ஒழுக்கால் மோட்டார் எரிதல் என்பவற்றைத் தனித்தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். நட்டத்தில் முதல் குறிப்பிட்ட தொகையை நாமே பொறுக்கவும் வேண்டும். "எக்செஸ்" என்பது அதைத்தான். கையெழுத்து வைக்க முன்னர் அது எவ்வளவு என்று கேளுங்கள்.

மில் அக்காவின் கதைக்கு வருகிறேன். மில் அறை கல்லால் கட்டித் தகரம் போட்டது. ஆனால் அதோடு ஒட்டி ஒரு கிடுகுப் பத்தி. அதற்குள்ளேதான் விறகும் வெறுஞ் சாக்குகளும். எங்களைக் கூட்டிக்கொண்டு போன முகவர் படிவத்தைத் தானே நிரப்பினார். கூரை என்ற இடம் வந்ததும் மெல்லச் சொன்னார்: "அக்கா, கிடுகு எண்டு எழுதினா விடமாட்டினம். எல்லாம் தகரம் எண்டு போடுவம்." படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அடியில் இருந்த உறுதிமொழியையும் சொன்னேன்: எழுதியவை எல்லாம் உண்மை, பொய்யென்று கண்டால் பத்திரம் செல்லாது. அக்கா பேனையைக் கீழே வைத்தார். "தம்பி, எரிஞ்சா வந்து பாக்கிறது நீங்களோ வேற ஆளோ?" என்று கேட்டார். வேறு ஆள்தான், மதிப்பீட்டாளர் வருவார் என்றார் அவர். "அப்ப அந்தாள் சாம்பலைப் பாத்துக் கிடுகு எண்டு சொல்லுமே" என்றார் அக்கா. அன்று கையெழுத்து வைக்காமல் திரும்பி வந்தோம்.

சகோதரிகளே, இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்கிறேன். முகவருக்குத் தரகுப்பணம் பத்திரம் விற்றவுடன் கிடைக்கும். இழப்பு வரும் நாளில் படிவத்துக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் கையெழுத்து வைத்தவர். வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள். நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு கேள்வியும் அந்தப் படிவத்தில் இருந்தது: "கட்டடத்தின் உரிமையாளர் யார்?" காணிப் பத்திரம் கணவரின் பெயரில். அவர் 2009 இல் காணாமற் போனவர். இந்த வரியில் எங்கள் பெண்கள் எத்தனை பேர் எழுந்து வந்துவிடுகிறார்கள்! எழும்ப வேண்டியதில்லை. கட்டடத்தைக் காப்புறுதி செய்யாமல், உங்களுடைய காசில் வாங்கிய இயந்திரத்தையும் சாமானையும் மட்டும் உங்கள் பெயரில் காப்புறுதி செய்யலாம். வாங்கிய பற்றுச்சீட்டு, கடன் பத்திரம், பிரதேச சபையில் எடுத்த வியாபார அனுமதி இருந்தால் போதிய ஆதாரம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்கு, காணாமற் போனவர் என்று காட்டும் சான்றிதழ் 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் கிடைக்கிறது. மற்ற அலுவல்களுக்கும் அது உதவும்.

பெறுமதியைக் குறைத்துப் போடுவதும் எங்களிடையே உண்டு, கட்டுப்பணம் மிச்சம் என்று. கடையில் 6 இலட்சம் ரூபா சாமான் இருக்க 3 இலட்சத்துக்குக் காப்புறுதி எடுத்தீர்கள் என்று வைப்போம். 2 இலட்சத்துச் சாமான் எரிந்தால் 2 இலட்சம் வராது. பாதிதானே காப்புறுதி செய்தீர்கள் என்று 1 இலட்சத்தைத்தான் கணக்கெடுப்பார்கள். அதிலும் எக்செஸ் கழியும். சாமான் வாங்கிய கொப்பியை வீட்டில் வையுங்கள். கடையோடு சேர்ந்து எரிந்தால் காட்ட ஒன்றும் இராது.

பயிருக்கும் மாட்டுக்கும் தனியார் கம்பனியில் கதவு திறக்காவிட்டால் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையிடம் கேளுங்கள். 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச நிறுவனம் அது. மாட்டுக்குக் காதில் இலக்கத் தகடும் மிருக வைத்தியரின் சான்றிதழும் வேண்டும். இழப்பீட்டைக் கம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது திருப்தியில்லை என்றால் கட்டணமின்றி விசாரிக்கக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். மேற்பார்வைக்கு இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. இரண்டும் கொழும்பில்தான். ஆனால் கடிதம் எழுதலாம், தமிழில் எழுதலாம்.

அக்கா ஒரு மாதத்தில் கிடுகுப் பத்தியைப் பிரித்து, விறகைக் கிணற்றடிப் பக்கம் மாற்றினார். பிறகு வேறொரு கிளையில் விண்ணப்பித்தார். இந்தமுறை படிவத்தை நானும் அவருடைய மகளும் நிரப்பினோம். தீ, மின்னல், களவு, மின் ஒழுக்கு நான்கையும் ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளத்துக்கு மாட்டேன் என்று விட்டார்கள். 2018 இல் தண்ணீர் வந்தது என்று அக்கா உள்ளபடி எழுதியிருந்தார். "அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லி மேசனைக் கூப்பிட்டு, பழைய வெள்ளக் கோட்டை விட ஒரு முழம் உயரத்தில் சீமெந்து மேடை கட்டி மோட்டாரை அதன்மேல் ஏற்றிவிட்டார். இப்போது மிளகாய் கொட்ட அவருக்கு ஒரு சின்ன ஏணி தேவைப்படுகிறது.