தாளின் மறுபக்கம்

கிழக்கிலங்கையின் பிரதேச செயலகம் ஒன்றிலே, பிரதான கட்டடத்தின் பின்புறமாகத் தகரக் கூரையிட்ட சிறு கொட்டில் ஒன்று உளது. உடைந்த கதிரை மேசைகளைப் போடுவதற்கென அமைக்கப்பட்ட அக்கொட்டிலிலே இன்று அச்சுப்பொறிகளே மிகுதியாகக் கிடக்கின்றன. சில மூடி கழன்றவை. சில, கடையிலிருந்து நேற்று வந்தவை போலத் தோற்றுவன. ஆண்டுதோறும் பொருட் கணக்கெடுப்புக்கு வரும் குழுவினர் அவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு செல்வர். எண்ணப்பட்டவை அடுத்த ஆண்டும் அங்கேயே இருந்து மீண்டும் எண்ணப்படும்.

2023 ஆம் ஆண்டின் முற்பகுதியில் அச்செயலகத்தின் காகிதாதிகளுக்கும் அலுவலக உபகரணங்களுக்கும் உரிய கோவை அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவரின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் கலைப்பீடத்திலே புவியியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற பட்டதாரி. காடழிவு பற்றியும் களப்பு நீரின் மாசு பற்றியும் ஆய்வுக் கட்டுரை எழுதியவர். ஆயின், அரசாங்கம் ஒரு பொருளை எவ்வாறு வாங்குகின்றது என்பதை எந்த விரிவுரையிலும் அவர் கேட்டதில்லை. ‘பெறுகை’ என்னுஞ் சொல்லே அவருக்குப் புதிதாயிருந்தது. கலைப் பட்டதாரிகளுட் பெருந்தொகையினர் இறுதியிற் சென்றமரும் மேசைகள் இத்தகையனவே என்பதை எண்ணுமிடத்து, இக்குறை அவருடையது மட்டுமன்று எனலாம்.

அவருடைய தந்தையார் கச்சேரியிலே களஞ்சியக் காப்பாளராயிருந்து ஓய்வு பெற்றவர். 1979 ஆம் ஆண்டில் அவர் சேவையிற் சேர்ந்தபோது, தேய்ந்த பென்சிலின் அடித்துண்டைக் காட்டினாலன்றிப் புதிய பென்சில் வழங்கப்படமாட்டாது. வந்த கடித உறைகளைப் பிரித்து, உட்புறத்தை வெளிப்புறமாக்கி ஒட்டி, மீண்டும் அனுப்பினர். றோணியோ இயந்திரத்திற் பழுதாகிய தாள்களின் வெற்றுப்பக்கம் குறிப்பெழுதப் பயன்பட்டது. ஒரு குண்டூசி எத்தனை கோவைகளைக் கண்டிருக்கும் என்பதை எவராலும் கூறவியலாது. இவற்றையெல்லாம் சுற்றாடலைக் காக்கும் செயலென அன்று எவரும் கருதினாரல்லர். பொருள் இல்லை, ஆகவே இருந்ததைப் பேணினர். அவ்வளவே.

அத்தகைய பேணுகை பொருள் மலிந்தவுடன் மறைந்துவிடும் என்பதற்குத் தொலைவிற் சான்று தேடவேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது தாளும் வற்றியது. மேல் மாகாணத்திலே பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் தாளின்மையால் ஒத்திவைக்கப்பட்டன. செய்தித்தாள்கள் சில சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. யூன் மாதத்தில், அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்தற்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் முடிவாயிற்று. அந்நாட்களிலே மேற்கூறிய செயலகத்தில் ஒருபுறம் எழுதிய தாளை எறிந்தவரில்லை. பழைய சுற்றுநிருபங்களின் பின்புறத்திலே சம்பளப் பட்டியலின் வரைவும் வரவுப் பதிவும் எழுதப்பட்டன. யன்னல்கள் திறக்கப்பட்டன, குளிரூட்டி இல்லாமலும் கூட்டம் நடத்தலாம் என்பது கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டில் தாள் மீண்டும் கட்டுக்கட்டாக வந்திறங்கியது. யன்னல்கள் மூடப்பட்டன. யூன் 5 ஆம் திகதி நடைபெற்ற சுற்றாடல் தினக் கூட்டத்திலே, ‘பசுமை அலுவலகம்’ என்னும் பதாகையின் கீழ் ஒவ்வோர் உத்தியோகத்தர் முன்பும் ஒரு பிளாத்திக்குத் தண்ணீர்ப் போத்தல் வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டு நகைத்தோரும் அந்நீரையே பருகினர்.

இனி அவ்வுத்தியோகத்தரின் முதலாவது கொள்வனவுக்கு வருவோம். மூன்று கிளைகளுக்கு அச்சுப்பொறிகள் தேவைப்பட்டன. விலைமனுக்கள் கோரப்பட்டன, மூன்று வந்தன. முதலாவது மிகக் குறைந்த விலையுடையது. அவ்வியந்திரம் தாளின் ஒரு பக்கத்திலேதான் தானாக அச்சிடும். உள்ளே வைத்து வழங்கப்படும் மைப்பேழை அரைகுறையாக நிரப்பப்பட்டது. அது தீர்ந்ததும் வாங்கவேண்டிய புதிய பேழையின் விலையோ மிக உயர்ந்தது. மீள நிரப்பினால் இயந்திரம் அதை ஏற்க மறுக்கும். இரண்டாவது சற்று விலை கூடியது. இரு பக்கமும் தானே அச்சிடுவது. அதன் பேழையை மட்டக்களப்பு நகரிலேயே மீள நிரப்பலாம். பத்துப் பக்க அறிக்கை ஐந்து தாளில் முடியுமாயின், கிளையொன்று ஒரு கட்டுத் தாளைக் கொண்டு இரு கட்டின் வேலையைச் செய்யும். இரண்டாவதே வாங்கத்தக்கது என அவர் குறிப்பெழுதினார்.

கணக்காளர் அக்குறிப்பை வாசித்தார், வினவியது ஒன்றே. “இரு பக்கமும் அச்சிட வேண்டும் என்று விவரக்குறிப்பில் எங்கே இருக்கிறது?”

எங்கும் இல்லை. விலைமனு கோரிய கடிதத்தில் இருந்தது ஒரேயொரு வரி: கறுப்பு வெள்ளை லேசர் அச்சுப்பொறி, ஏ4 அளவு. அவ்வரியை எழுதியவர் வேறெவருமல்லர். பழைய கோவையிலிருந்த கடிதத்தைப் பார்த்துத் திகதியை மாற்றி அவரே அதைத் தட்டச்சு செய்திருந்தார். 2006 ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டி கூறியது, கேட்கப்பட்டவற்றை நிறைவு செய்யும் மனுக்களுள் மதிப்பீட்டின்படி குறைந்ததைத் தெரிவுசெய்க என்பதாகும். கேட்கப்பட்டது ஒரு வரி. மூன்று மனுக்களும் அதனை நிறைவு செய்தன. முதலாவது இயந்திரமே வாங்கப்பட்டது. சிபாரிசின் கீழ் அவரது கையொப்பமே இருந்தது.

அன்று மாலை வீட்டிலே விதியின் மேல் அவர் கொண்ட சினம் பெரிது. மலிந்ததையே வாங்கு என்னும் விதி இருக்கும்வரை கொட்டில் நிறைந்துகொண்டேயிருக்கும் என்றார். தந்தையார் உடன்படவில்லை. “மகள், அந்த விதி இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும்” என்று தொடங்கினார். தரமானது என்ற பெயரிலே உறவினர் கடையிலிருந்து மூன்று மடங்கு விலைக்கு வந்த இரும்பு அலுமாரிகளை அவர் களஞ்சியத்திலே பொறுப்பேற்றிருந்தார். விலை ஓர் எண். அதனை எவரும் சரிபார்க்கலாம். ‘நல்லது’ என்பதோ சொல்பவனின் நாவிலே இருக்கிறது. ‘பசுமையானது’ என்பதும் அவ்வாறே ஆகிவிட்டால், அதே அலுமாரிகள் பச்சை வர்ணம் பூசிக்கொண்டு வரும் என்றார் அவர்.

தந்தையார் கூறியது புறந்தள்ளற்பாலதன்று. சுற்றாடலின் பெயரால் எழுதப்படும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை இவ்விடத்தைத் தொடாமலே கடந்து செல்கின்றன. பொதுப் பணத்தைக் காக்க எழுந்த விதிக்கும் பொதுச் சூழலைக் காக்க எழும் விருப்புக்கும் இடையே உண்மையான முரண் உண்டு. ஆயின் அம்முரண் எவ்விடத்தில் தீரக்கூடும் என்பதைக் கணக்காளரின் வினா தன்னையறியாமலே காட்டியிருந்தது. மனுக்களைத் திறக்கும் நாளிலே தெரிவு செய்வதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. தேவை இன்னதென எழுதும் நாளிலேயே தெரிவு நிகழ்ந்துவிடுகின்றது. அதனை எழுதுபவர் அமைச்சரோ செயலாளரோ அல்லர்; பழைய கடிதத்தைப் பார்த்துத் திகதியை மாற்றும் இளநிலை உத்தியோகத்தரே.

பிற நாடுகள் சில இதனைச் சட்டத்தாலும் ஆணையாலும் செய்தன. ஐக்கிய அமெரிக்காவில் 1993 இல் பிறப்பிக்கப்பட்ட நிறைவேற்று ஆணை, கூட்டாட்சி அலுவலகங்கள் வாங்கும் அச்சுத்தாளில் பாவித்துக் கழித்த தாளிலிருந்து பெற்ற கூழ் 1994 இறுதி முதல் நூற்றுக்கு இருபதும், 1998 இறுதி முதல் நூற்றுக்கு முப்பதும் இருத்தல் வேண்டும் என விதித்தது. யப்பான் 2000 ஆம் ஆண்டிலே பசுமைக் கொள்வனவுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. இலங்கையும் 2019 இல் நிலைபேறான நுகர்வு, உற்பத்தி பற்றிய தேசியக் கொள்கையொன்றை வகுத்தது. கொள்கையின் மொழி உயர்ந்தது. அதற்கும் ‘ஏ4 அளவு’ என்னும் ஒற்றை வரிக்கும் இடையிலுள்ள தூரமே நீண்டது.

இவ்விடத்தில் வாழைச்சேனையை நினையாதிருத்தல் இயலாது. அவ்வுத்தியோகத்தரின் பாட்டனார் அங்குள்ள காகித ஆலைக்கு வைக்கோல் ஏற்றிச் சென்றவர். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் முயற்சி தொடங்கி, 1956 இல் உற்பத்தி கண்ட ஆலை அது. அறுவடை முடிந்த வயலிலே எரிக்கப்பட்டிருக்கக்கூடிய வைக்கோல் அங்கே கூழாயிற்று, கழிவுத்தாளும் கூழாயிற்று. கிழக்கின் வயலில் விளைந்தது, எழுதும் தாளாகி மீண்டும் கிழக்கின் பாடசாலைகளுக்கே வந்தது. 1977 இன் பின்னர் இறக்குமதிக்குக் கதவு திறந்தபோது அத்தாள் வெளிநாட்டுத் தாளுடன் விலையிற் போட்டியிட வேண்டியதாயிற்று. பின்பு போர் வந்தது. இடையிடையே நின்று, 2021 இல் ஒருமுறை மீள இயக்கப்பட்ட பின்னரும் ஆலை பழைய நிலையை எய்தவில்லை.

எனினும், அவ்வாலையைப் பொற்காலச் சின்னமாக்குதலும் நேர்மையன்று. வைக்கோலிலே மணற்சத்து மிகுதி. அதனை அவித்தெடுத்த கருநீரிலிருந்து இரசாயனங்களை மீளப் பெறுதல் மரக்கூழ் ஆலைகளிற்போல எளிதன்று. கழிவு நீரைச் சேரும். வைக்கோலையே நம்பி 1978 இல் எழுந்த எம்பிலிப்பிட்டிய ஆலையின் கழிவினால் வளவை கங்கை மாசுற்றதும் உண்மையே. உள்ளூரிற் செய்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் தூயதாகிவிடாது. பாட்டனாரின் வண்டியைப் பெருமையோடு நினைவுகூரும் அவ்வுத்தியோகத்தரே இதனைத் தம் ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருந்தார்.

தாளைச் சிக்கனப்படுத்தும் வழிகளைச் செயலகத்திலே ஆராய்ந்தபோது, படிவங்களை மும்மொழியிலும் அச்சிடுவது வீண் என்றொரு கருத்தும் எழுந்தது. ஈண்டு ஒன்று சொல்லவேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஒரு விதவைத் தாய் தன் கொடுப்பனவுப் படிவத்தைத் தன் மொழியில் வாசித்தல் செலவு மிகுந்த ஆடம்பரமன்று. ஒரே அறிக்கையை ஐந்து பிரதிகள் எடுத்து ஐந்து திணைக்களங்களுக்கு அனுப்பி, அவற்றுள் நான்கு வாசிக்கப்படாமலே கட்டப்படுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அக்கருத்தைக் கூறியவர் பின்னர் வலியுறுத்தவில்லை.

அதே ஆண்டின் பிற்பகுதியில், மேலும் இரண்டு அச்சுப்பொறிகளுக்கு ஒதுக்கீடு கிடைத்தது. இம்முறை அவ்வுத்தியோகத்தர் பழைய கடிதத்தைத் திறக்கவில்லை. ஒரு பழைய சுற்றுநிருபத்தின் பின்புறத்திலே வரைவை எழுதினார். இரு பக்கமும் தானாக அச்சிடுதல். மீள நிரப்பத்தக்க பேழை. உதிரிப்பாகங்களும் திருத்த வேலையும் மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்குமென்ற உறுதி. இயந்திரத்தின் விலையோடு மூன்று ஆண்டுகளுக்கு வேண்டிய மையின் விலையையும் கூட்டியே மனுக்கள் ஒப்பிடப்படும் என்பதையும், கூட்டும் முறையையும் மனு கோரும் கடிதத்திலேயே எழுதினார். வெறுமையான பேழைகளை வழங்குநரே மீளப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது இறுதி நிபந்தனை.

வரைவைத் தந்தையார் கண்ணாடி அணிந்து இருமுறை வாசித்தார். ஓரிடத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் தவறுதலாக வந்திருந்தது. சிவப்புப் பேனாவால் அதனை வெட்டினார். மைச்செலவைக் கூட்டும் முறைக்கு அருகே நெடுநேரம் பேனாவை வைத்திருந்து, பின் எதுவும் எழுதாமல் எடுத்தார். “எண்ணாப் போட்டிருக்கிறாய். இதைச் சரிபார்க்கலாம்” என்றார்.

கணக்காளர் கோவையின் ஓரத்திலே பென்சிலால் வினாவொன்றை எழுதித் திருப்பியனுப்பினார்: இவ்விவரக்குறிப்பை எத்தனை நிறுவனங்களால் நிறைவு செய்யவியலும்? ஒன்றேயாயின் கணக்காய்வு வினா எழும் என்பது அதன் பொருள். அவ்வுத்தியோகத்தர் இரண்டு நாட்கள் தொலைபேசியில் விசாரித்தார். அச்சிடுதல், நிரப்புதல், திருத்துதல் ஆகியவற்றை ஏற்றோர் நால்வர். வெறும் பேழைகளை மீளப் பெற இசைந்தவர் ஒருவரே. அவரும் கொழும்பிலே ஒப்படைத்தால் மட்டுமே பெறுவார். அந்நிபந்தனையை அவர் தம் கையாலேயே நீக்கினார். எஞ்சியவற்றோடு கடிதம் சென்றது. இரு பக்கமும் அச்சிடும் இரண்டு இயந்திரங்கள் வந்தன. விலை கூடியவை ஏன் வாங்கப்பட்டன என்று எவரேனும் வினவினால் காட்டுவதற்காக, மூன்றாண்டுக் கணக்கு எழுதிய தாளைக் கோவையின் முதற்பக்கத்திலேயே அவர் கோத்து வைத்திருக்கிறார்.

நிறுவனங்களின் பதில்களைக் குறித்த தாள் வேறொன்று. அதன் மறுபக்கத்திலே 2022 ஆம் ஆண்டின் வரவுப் பதிவொன்று உளது. முதலாவது கொள்வனவில் வந்த மூன்று அச்சுப்பொறிகளுள் ஒன்று இப்பொழுது தகரக் கொட்டிலில் இருக்கிறது. வெறும் பேழைகள் ஒரு பெட்டியிலே சேர்கின்றன. பெட்டி நிறைந்ததும் அதனை எங்கே அனுப்புவது என்று கேட்டு மாவட்டச் செயலகத்துக்கு எழுதப்பட்ட கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.