எர்ரரும் நண்பன்தான்!



கம்ப்யூட்டர்ல 'எர்ரர்' வந்தாலே நமக்கெல்லாம் எரிச்சல்தான். அதை எப்படி மறைக்கிறதுன்னுதான் முதல்ல தேடுவோம். ஆனா எர்ரரும் நண்பன்தான்னு எனக்குப் புரியவெச்சது 'விம்' என்ற டெக்ஸ்ட் எடிட்டர். நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991-ல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. அவர் 2023-ல் மறைந்துவிட்டார்.

நம்மில் பலர் 'சுவற்றில்' என்று எழுதுகிறோம். 'சுவரில்' என்பதே சரி. (தமிழ் ஐயா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்!) 40 கட்டுரைகள், 40 ஃபைல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினால் பொழுது போய்விடும். விம்மில் 'மேக்ரோ' என்று ஒரு வசதி உண்டு. சொல்லை மாற்று, சேமி, அடுத்த ஃபைலுக்குப் போ. இதை ஒரு தடவை செய்து காட்டிப் பதிவு செய்துவிட்டு, "99 முறை செய்" என்றால் போதும். தானே ஓடும்.

40 ஃபைலுக்கு எதுக்கு 99? அங்கேதான் வேடிக்கை! 40-ஆவது ஃபைலுக்குப் பிறகு போக இடமில்லை. எர்ரர் வரும், மேக்ரோ நின்றுவிடும். வேலை முடிந்ததற்கு அந்த எர்ரர்தான் லாங் பெல்!

சரி, 7-ஆவது கட்டுரையில் 'சுவற்றில்' என்ற சொல்லே இல்லை என்றால்? "தேடியது கிடைக்கவில்லை" என்று எர்ரர் வந்து அங்கேயே நின்றுவிடும். மீதி 33 ஃபைலும் அப்படியே கிடக்கும். பிழையில்லாம எழுதினவனால வேலை கெட்டது பாருங்க! இதற்கு மருந்து ஒரே எழுத்து. மாற்றும் கட்டளையின் கடைசியில் ஆங்கில எழுத்து 'இ' சேர்த்தால், "சொல் இல்லையா? பரவாயில்லை, மேலே போ" என்று அர்த்தம்.

இன்னொரு வழியும் இருக்கு. கட்டளைகளுக்கு முன்னால் 'சைலன்ட்' என்று எழுதி ஆச்சரியக்குறி போட்டால், எல்லா எர்ரரும் வாயை மூடிக்கொள்ளும். சுலபம்தான். ஆனால் 7-ஆவது ஃபைல் 'படிக்க மட்டும்' என்று பூட்டப்பட்டிருந்தால்? சேமிக்க முடியாது, அடுத்த ஃபைலுக்கும் போகாது. மேக்ரோ அதே இடத்தில் 99 வரை சுற்றிவிட்டுச் சத்தமில்லாமல் முடியும். 40-ம் திருந்திவிட்டது என்று நம்பி நாம் பிரிண்ட் எடுத்துவிடுவோம்!

'இ' ஒரே ஒரு எர்ரரை மட்டும், காரணம் தெரிந்து மன்னிக்கிறது. 'சைலன்ட்' எல்லாவற்றையும் மறைக்கிறது. எதை விடலாம், எதற்கு நிற்கணும் என்று முன்னாடியே யோசிப்பதுதான் நல்ல புரோகிராமிங்.

வகுப்பில் "புரியுதா?" என்று சார் கேட்டதும், "புரியுது சார்!" என்று கோரஸ் பாடுகிறோமே, அதுவும் ஒரு 'சைலன்ட்'தான். பாடம் நகர்ந்துவிடும், நாம் 7-ஆவது ஃபைலிலேயே நிற்போம். புரியலைன்னா கை தூக்குவோம் நண்பர்களே!

– பதினொன்றாம் வகுப்பு மாணவி