பெத்தவளுக்குத் தெரியாதா?

குழந்தை வீறிட்டு அழுகிறது. பால் கொடுத்தாச்சு, துணி மாத்தியாச்சு, அழுகை நிற்கவில்லை. உடனே வீட்டில் யாராவது ஒருத்தர் கேட்பார்: ‘‘பெத்தவளுக்குத் தெரியாதா, என்னன்னு?’’

தெரியாதுங்க. பெற்று பத்து நாள்தானே ஆகிறது! இதை வாழ்நாள் ஆராய்ச்சியாகவே செய்தவர் ஒரு நர்ஸ். ராமோனா மெர்சர், அமெரிக்கர். 1950-ல் நர்ஸிங் டிப்ளமா முடித்து, பத்து வருஷம் வார்டில் வேலை பார்த்தவர். அதற்குப் பிறகுதான் மறுபடி புத்தகத்தைத் தூக்கினார். 1962-ல் பட்டம், 1964-ல் தாய்-சேய் நர்ஸிங்கில் முதுகலை, 1973-ல் பிட்ஸ்பர்க்கில் டாக்டர் பட்டம். அங்கே அவருக்கு வழிகாட்டி ரேவா ரூபின். பிரசவத்தில் உடம்போடு சேர்ந்து பெண்ணின் மனசும் மாறுகிறது என்று அறுபதுகளிலேயே எழுதிய பேராசிரியை.

மெர்சர் சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியை ஆனார். பதின்வயதுப் பெண்ணிலிருந்து நாற்பதைத் தொட்டவர் வரை, முதல் குழந்தை பெற்ற பலரை ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்தார். ‘நான் இதற்கு அம்மா’ என்ற நிம்மதி பலருக்கும் வந்தது சுமார் நாலாவது மாசத்தில்! சிலருக்கு இன்னும் தாமதம்.

எனக்கு இது வெறும் தியரி இல்லை. உறவுக்காரப் பெண் ஒருத்தி, பிரசவமான மூணாவது வாரம் என் காதோடு கேட்டாள்: ‘‘யார் வீட்டுக் குழந்தையையோ பார்த்துக்கற மாதிரி இருக்கு அத்தே... நான் கெட்டவளா?’’

‘‘போடி பைத்தியம், இப்போதானே அறிமுகம் ஆகியிருக்கீங்க’’ என்றேன். ஆனால், வாரங்கள் கடந்தும் அழுகையும் வெறுமையும் விடவில்லை என்றால் அது வேறு விஷயம். தாமதிக்காமல் டாக்டரிடம் போகத்தான் வேண்டும்.

மெர்சர் 1987-ல் ஓய்வு பெற்றார். அதோடு விடவில்லை. ‘தாய்ப் பொறுப்பை எட்டுதல்’ என்று தன் குருவும் தானும் காலமெல்லாம் பயன்படுத்திய சொல்லையே 2004-ல் மாற்றச் சொன்னார். எட்டுதல் என்றால் எட்டியதும் முடிந்துவிடும். இது முடிகிற காரியமா? ‘தாயாகிக்கொண்டிருப்பது’ என்பதே சரி என்றார். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது.

நம்ம ஊரில் பிரசவித்த பெண்ணை மூணாம் மாசமோ, அஞ்சாம் மாசமோதான் புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தப் பாட்டிகள் எந்தக் காலேஜில் படித்தார்களோ!