அப்பாவின் பேனா முனை

கடந்த தீபாவளிக்குக் கேமரன் மலைக்குப் போயிருந்தபோது அப்பாவுக்கு ஓர் உதவி செய்தேன். அந்த உதவியால் ஆன சேதத்தைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

வீட்டின் பின்பக்க மேசையில் அப்பாவின் கேஸ் சோல்டரிங் அயர்ன் கிடந்தது. தடித்த பேனா அளவுதான் இருக்கும். வயர் கிடையாது, பிளக் கிடையாது. சிகரெட் லைட்டருக்கு அடைப்பதுபோல அடியில் கேஸ் அடைத்துக்கொள்ள வேண்டும். அப்பா அதைப் 'பேனா' என்றே சொல்வார். அதன் முனை கறுத்துப் போயிருந்தது. பாவம், அப்பாவுக்குச் சுத்தம் செய்ய நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மணல்தாளை எடுத்து நன்றாகத் தேய்த்தேன். கறுப்பு போனது. அதற்கடியில் இருந்த சாம்பல் நிறமும் போனது. கடைசியில் கோயில் செம்புபோல முனை பளபளவென்று மின்னியது.

அப்பா வந்து அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்லா பளபளன்னு இருக்கும்மா" என்றார். மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்து ஒரு நாள், காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நிலையத்திலிருந்து வெளியே வந்தேன். கைப்பேசி அடித்தது. பழைய லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஆயா, பேத்தியின் போனிலிருந்து பேசினார்.

"ஏன்டி, நீ இன்னும் ரேடியோவுலதான் இருக்கியா? உன் கொரலக் கேட்டு மூணு வாரமாச்சு."

"தினமும் பேசறேனே ஆயா!"

"எங்கே பேசற? என் ரேடியோ செத்துப்போச்சு. உங்கப்பன்கிட்டக் கேட்டேன். பேனா முனை போயிருச்சு, கொஞ்சம் பொறுங்கத்தைன்னுட்டான்."

அன்று மாலை அப்பாவை அழைத்தேன். முனை எப்படிப் போனது என்று கேட்டதற்கு, "தேஞ்சிருச்சும்மா" என்றார். எப்படித் தேய்ந்தது என்று விடாமல் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

முனையின் உள்ளே இருப்பது செம்பு. சூட்டை நன்றாகக் கடத்தும். ஆனால் நாம் ஈயக் கம்பி என்று சொல்வதில் வெள்ளீயமும் கலந்திருக்கிறது. உருகிய வெள்ளீயத்தில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். அதனால்தான் செம்பின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு கொடுக்கிறார்கள். அந்தப் பூச்சுதான் முனையின் ஆயுள். நான் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுத்தது அந்தப் பூச்சைத்தான். அதன்பின் சில வாரம் வேலை செய்ததிலேயே முனையில் குழி விழுந்து, கூர் மழுங்கி, ஈயம் ஒட்டாமல் உருண்டு விழ ஆரம்பித்துவிட்டது. மேலே படிந்த கறுப்பு மட்டும் என்றால் மீட்டுவிடலாம். அதற்கென்றே பசை டப்பா விற்கிறார்கள். பூச்சு போன முனைக்கு மருந்து இல்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா."

"ஆசையா செஞ்ச. தீபாவளி அன்னிக்கு என்னத்தச் சொல்றது?"

"புதுசு வாங்கி அனுப்பறேன். கரண்டுல போடறது மலிவா கிடைக்குது."

"அது பிளக் இருக்கிற இடத்துக்குத்தான் வரும்மா. நான் போற இடத்துக்கு வராது. இது நல்ல சாமான். முனைதான் போயிருக்கு. அதுக்காக முழுசையும் தூக்கிப் போடணுமா?"

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வயர்மேனாக இருந்தவர். வேலை ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டை ஒப்படைத்துவிட்டுப் பிரிஞ்சாங்கில் வாடகைக்கு வந்துவிட்டோம். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் பையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். இப்போது அங்கே கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய சோற்றுப் பானை வயர், கைப்பேசி சார்ஜர், காய்கறித் தோட்டத்துப் பம்பு கொட்டகையில் அறுந்த கம்பி, கோயில் ஒலிபெருக்கி என்று அவருக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். பாதி வேலை மின்சாரம் எட்டாத இடத்தில்தான். வீட்டில் பிளக் போடும் பழைய அயர்ன் ஒன்று உண்டு. அதன் முனை விரல் தடிப்பு. அதை வைத்தால் ஆயாவின் ரேடியோ பலகை கருகிவிடும் என்று தொடவே மாட்டேன் என்றார்.

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த மலைக்கு எந்திரம், ஆணி, அரிசி எல்லாமே கீழேயிருந்துதான் ஏறி வருகின்றன. முனையும் அப்படித்தான். பிரிஞ்சாங், தானா ராத்தா இரும்புக் கடைகளில் அப்பா ஏற்கெனவே கேட்டுவிட்டார். ஒரு நாள் முழுவதும் செலவழித்து, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கும் போய் வந்திருந்தார். புதிய அயர்ன் இருந்தது, முனை இல்லை.

படத்தை அனுப்பச் சொல்லி, இணையக் கடையில் அதேபோல் தெரிந்த ஒன்றை நான் வாங்கினேன். வந்தது. மரை பொருந்தவில்லை. அடுத்த முறை மரை பொருந்துவதுபோல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அது கரண்டில் வேலை செய்யும் அயர்னுக்கான முனை. இரண்டும் இப்போது என் மேசையில் காகிதத்தின் மேல் பாரமாக இருக்கின்றன.

இங்கேதான் நான் படித்த ஊடகப் படிப்பு உதவாத ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கேஸ் அயர்னின் முனை வெறும் உலோகக் கூர் அல்ல. பியூட்டேன் வாயு மிகச் சிறிய துளை வழியாகச் சீறி வரும்போது பக்கத்திலிருந்து காற்றை இழுத்துக் கலக்கிறது. அந்தக் கலவை, பிளாட்டினம் சேர்ந்த சிறிய வினையூக்கியின் மேல் படுகிறது. தொடக்கத்தில் சில விநாடி சுடர் காட்டினால் போதும், வினையூக்கி சிவந்துவிடும். பிறகு சுடரே இல்லாமல் வாயு அங்கே எரிந்து சூடு கொடுத்துக்கொண்டிருக்கும். பல மாடல்களில் இந்த வினையூக்கி முனைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் ஒரு நிறுவனத்தின் முனை வேறு நிறுவனத்தின் கருவியில் திருகி ஏறினாலும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

கடைசியில், உள்ளே இருந்த கேஸைக் காலி செய்துவிட்டு, கோலாலம்பூர் வந்த சித்தப்பா கையில் அப்பா பேனாவையே கொடுத்தனுப்பினார். அதை எடுத்துக்கொண்டு புடு வட்டாரத்திலிருக்கும் ஜாலான் பாசாருக்குப் போனேன். மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போன தெரு அது. மூன்றாவது கடையில் தலை நரைத்த சீனத் தவுக்கே ஒருவர் பேனாவை வாங்கி, முனையைப் பார்க்காமல் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"மேலே இருக்கிற பேர் விற்கிறவன் பேர், மிஸ். செஞ்சவன் பேர் வேற" என்றார் மலாயில்.

உண்மைதான். அயர்லாந்தில் செய்யப்படும் போர்ட்டசோல் கருவிகள் வெல்லர் பெயரிலும் விற்பனையாகியிருக்கின்றன. இப்படி ஒரே கருவி ஊருக்கொரு பெயரில் வருவது இந்தத் தொழிலில் சகஜமாம். தவுக்கே பூதக்கண்ணாடி வைத்துப் பிளாஸ்டிக்கில் அச்சாகியிருந்த மாடல் எண்ணைப் படித்தார். அளவுகோலால் மரையின் தடிப்பையும், கழுத்திலிருந்து நுனிவரை உள்ள நீளத்தையும் எடுத்தார். "ஊசி முனையா, உளி முனையா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே அப்பாவை அழைத்தேன். "உளி முனை, சின்னது" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்த அவசரத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கடையில் கையிருப்பு இல்லை. சொல்லி வரவழைக்க ஒரு மாதத்துக்குமேல் ஆனது. ஒரு முனைக்கு, புதிய கருவி விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொடுத்தேன். மூன்று வாங்கினேன். விலையைக் கேட்டுத் தோழி சிரித்தாள். அந்தக் காசுக்குப் புதிய பேனாவே வாங்கியிருக்கலாம் என்றாள். வாங்கியிருக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு நாள் முனை தேயும். அப்போது மறுபடி எங்கே போய்த் தேடுவது? இந்தப் பேனாவுக்கு எந்த முனை என்பது இப்போது எங்களுக்குத் தெரியும். இப்படி ஒரு கருவி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: முதலில் முனை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் கருவியோடு சேர்த்தே இரண்டை வாங்கி வையுங்கள்.

முனைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் விடுப்பில் மலையேறினேன். மறுநாள் காலை அப்பாவும் நானும் ஆயா வீட்டுக்குப் போனோம். நல்ல குளிர். வாசலில் உட்கார்ந்து அப்பா புதிய முனையைத் திருகினார். பிறகு பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் இதைப் பார்த்து, அப்பா சாமி கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குகிறார் என்று நினைத்திருக்கிறேன். குளிரில் பியூட்டேனின் அழுத்தம் குறைந்துவிடும், கைச்சூடு கொடுத்தால் சீராக வரும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

பற்றவைத்து, முனை சூடாகத் தொடங்கியதுமே ஈயக் கம்பியை அதில் தொட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கணத்தில் ஈயம் உருகி முனை முழுக்க வெள்ளிபோலப் பரவியது. "முதல் சூட்டுலயே ஈயம் குடிச்சிரணும். வேலை முடிஞ்சதும் கொஞ்சம் ஈயத்தோடவே ஆற விடணும். ஈரப் பஞ்சுல துடைச்சாப் போதும்" என்றார். ஆயாவைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் என்று தெரிந்தது. ஈயம் ஏறக்குறைய 183 டிகிரியிலேயே உருகிவிடும், அளவுக்குமேல் சூடு வைத்தால் முனையின் ஆயுள்தான் குறையும் என்பதும் அன்றைய பாடம்.

ரேடியோவில் பேட்டரிப் பெட்டியிலிருந்து வரும் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. ஒரு நிமிட வேலை. இரண்டு மாதத்துக்குமேல் ஆயா காத்திருந்தது அந்த ஒரு நிமிடத்துக்குத்தான்.

பொத்தானைத் திருப்பியதும் எங்கள் நிலையம் பாடியது. பாட்டு முடிந்து என் இடத்தில் பேசும் தம்பியின் குரல் வந்தது. ஆயா ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ இங்கே வந்து உட்கார்ந்துட்டா அங்கே வேலையை யாரு பார்க்கறது?"

அப்பா சிரித்த சிரிப்பு லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மீதி இரண்டு முனைகளையும் மைலோ டின்னில் போட்டு, மாடல் எண்ணைத் தாளில் எழுதி மூடியில் ஒட்டினேன். மேசையில் எல்லாம் பழையபடியே இருந்தன. மணல்தாளை மட்டும் காணவில்லை.