கோர்ட்டில் ஒரு ஓவர்லாக்!

திருப்பூருக்குப் போகிறவர்கள் பனியன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஒரு வேலைநாளில் அங்கே கோர்ட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள் ஸார். டிக்கெட் கிடையாது. செல்போனை அணைத்துவிட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும்.

நூல் கடன், துணி கடன், சாயம் கடன் என்று ஓடுகிற ஊர். செக் திரும்பினால் 138-வது பிரிவு! (அமலுக்கு வந்தது 1989 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம்தான், நானாகச் சொல்லவில்லை.)

வக்கீலையும் சாட்சியையும் விடுங்கள். ஜட்ஜுக்குப் பக்கத்தில் தட்டிக்கொண்டிருக்கும் டைப்பிஸ்ட்டைப் பாருங்கள்.

அமெரிக்க கோர்ட்டுகளில் இந்த வேலைக்கு ஸ்டெனோடைப் என்று ஒரு மெஷின். சுமார் 22 பொத்தான்தான். அசையின் முதலில் வரும் 'எல்' எழுத்துக்குத் தனிப் பொத்தான் கிடையாது. 'ஹெச்', 'ஆர்' இரண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். உயிரெழுத்துக்குக் கட்டை விரல்கள். எழுத்து எழுத்தாக அடிப்பதில்லை. நாலு நூலை ஒரே தையலாக்கும் நம்ம ஊர் ஓவர்லாக் மாதிரி, நாலைந்து பொத்தானை ஒரே அமுக்கில் அமுக்கினால் ஒரு முழு அசை. அங்கே சான்றிதழ் வாங்க நிமிஷத்துக்கு 225 வார்த்தை பிடிக்கணும். கேள்வி, பதில் எல்லாம் அப்படியே பதிவாகிவிடும்.

இங்கே? ஷார்ட்ஹேண்ட் சீனியருக்கு 120 வார்த்தை, டைப்பிங் சீனியருக்கு 45. ஆனால் சங்கதி வேகத்தில் இல்லை. நம்ம சட்டம் சாட்சியத்தைப் பொதுவாகக் கேள்வி-பதிலாக எழுதச் சொல்லவில்லை. கதை மாதிரி எழுதச் சொல்கிறது. சின்ன வழக்குகளில் சாரம் இருந்தாலே போதும். சாட்சி சொன்னதை ஜட்ஜ் வாக்கியமாக்கிச் சொல்ல, டைப்பிஸ்ட் அடிக்கிறார்.

உதாரணத்துக்கு ஒரு சாட்சி. “கையெழுத்து என்னுதுதானுங். ஆனா கடனுக்கில்லீங், செக்யூரிட்டிக்குக் குடுத்ததுங்” என்கிறார். காகிதத்தில் “காசோலையில் உள்ள கையெழுத்து என்னுடையது” என்பதோடு நின்றுவிட்டால்? கையெழுத்தை ஒப்புக்கொண்டால், செக் கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கொடுத்தவர் பாடு. அவருக்கு இருந்த ஒரே பிடி அந்த இரண்டாவது பாதி!

குறுக்கு விசாரணை இன்னும் வேடிக்கை. “நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.” சாட்சி சொன்னது வெறும் “இல்லீங்”. மிச்சம் முழுக்க எதிர்க்கட்சி வக்கீலின் வார்த்தை. கையெழுத்து மட்டும் சாட்சியுடையது!

ஒடியாவும் இந்தியும் பேசுகிற தொழிலாளி கூண்டேறினால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். மூன்று வாய், ஒரு கீபோர்டு.

பெரிய கிரிமினல் வழக்குகளில் எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக்காட்டியாக வேண்டும். புதிய சட்டத்தில் அது 313-வது பிரிவு. தப்பு என்று சாட்சி சொன்னால் ஜட்ஜ் திருத்தலாம். திருத்தாமல், அவர் ஆட்சேபித்தார் என்று மட்டும் குறித்தும் வைக்கலாம். சிவில், செக் கேஸ் என்று போகிறவர்கள் தாங்களே கேட்டு வாங்கிப் படித்துவிடுவது உத்தமம். மதியச் சாப்பாட்டு நேரம், வக்கீல் கை காட்டுகிற இடத்தில் கையெழுத்து என்று அவசரப்படாதீர்கள்.

2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில், வாதத்தைக் கேட்டுத் தானே எழுதும் கம்ப்யூட்டரை முதன்முதலாக வைத்துப் பார்த்தார்கள். அது திருப்பூர் வந்தால் முதலில் இந்த “ங்”கைக் கற்றுக்கொள்ளட்டும்.