கட்டபொம்மன் ஊரில் லொள்ளு!

கயத்தாறுன்னதும் உங்களுக்கு கட்டபொம்மன்தானே ஞாபகம் வரும்? 1799-ல் அவரைத் தூக்குல போட்ட ஊர். சிவாஜி சொந்தக் காசுல நிலம் வாங்கி வெச்ச சிலைக்கும் எங்க வீட்டுக்கும் கூப்பிடு தூரம். அப்பா சிவாஜி வெறியர். எங்க வீட்டுல விளையாட்டுக்குக்கூட சிவாஜி மாதிரி பேசிக்காட்ட முடியாது!

அந்த வீட்டுலதான் நான் விஜய் டி.வி. 'லொள்ளு சபா' பார்த்து வளர்ந்தேன். யோசிச்சுப் பாருங்க! எந்தப் படம் ஹிட்டானாலும் ராம்பாலா டீம் விட்டுவைக்காது. சந்தானம், ஜீவா, சுவாமிநாதன், சேஷு, மனோகர்... செட்டு சுமார், விக்கு அதைவிட சுமார். அதுதான் அழகே. காசைக் கொட்டி எடுத்திருந்தா பாதி சிரிப்பு காணாமப் போயிருக்கும்ங்கிறது என் கட்சி. மனோகர் கையை ஆட்டி ஆட்டி இழுத்துப் பேசுவாரே... அதைச் செஞ்சு காட்டியே காலேஜ்ல நான் பிரபலம்.

படிப்புலதான் கோட்டை விட்டேன். ஆறு அரியர். அப்பா மூணு மாசம் என்கூடப் பேசலை. ஒருநாள் நான் டி.வி. முன்னாடி, அப்பா பின்னாடி ஈஸி சேர்ல பேப்பரோட. மனோகர் வந்தார். பேப்பர் குலுங்குச்சு. திரும்பிப் பார்த்தேன்.

"என்னல பாக்க? டி.வி.யப் பாரு!"

மூணு மாசத்துல முதல் பேச்சு.

சந்தானம் 2004-ல் 'மன்மதன்'ல கவனிக்க வெச்சார். நான் ஒருவழியா அரியரை முடிச்சு சென்னைக்கு வந்தேன்.

2024 மார்ச் 26 ராத்திரி போன். அப்பா தானா கூப்பிடுறது அபூர்வம்.

"ஏல... நம்ம சேஷு போயிட்டாராம்ல."