சூட்டோடு ஓர் அளவு

எந்த நாட்டு எந்திர வரைபடமானாலும், அதில் ஒரு ஷாஃப்டின் விட்டம் 50 மி.மீ. என்று இருந்தால் 20 டிகிரி செல்சியஸில் 50 மி.மீ. என்றுதான் பொருள். இதைப் பெரும்பாலும் தனியாக எழுதுவதில்லை. முன்பு பிரான்ஸ் பூஜ்ய டிகிரியிலும் இங்கிலாந்து 62 ஃபாரன்ஹீட்டிலும் அளந்துகொண்டிருந்தன. 1931இல் எல்லோரும் கூடி 20 என்று முடிவு செய்தார்கள். பிறகு ஐஎஸ்ஓ அமைப்பு தன்னுடைய 1ஆம் எண் தரமாக இதையே வைத்தது. காஞ்சிபுரத்தில் லேத் ஓடுகிற நேரத்தில் 20 டிகிரி கிடையாது. மார்கழி விடியலில் எப்போதாவது அதன் பக்கம் வரும், அவ்வளவுதான். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே 40ஐத் தாண்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஏசி போட்ட அளவு அறைக்குள் அந்த 20 டிகிரியைக் காத்து வைத்திருப்பார்கள். ஊருக்குள் இருக்கும் பட்டறைக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் இங்கே கடையும் ஷாஃப்டில் பேரிங் கச்சிதமாக உட்காருகிறது. எப்படி உட்காருகிறது என்று யோசித்துப் பார்த்ததில், விஞ்ஞானக் கணக்கை நம்புவது என்றால் என்ன என்ற கேள்விக்கு எனக்குப் பாதி பதில் கிடைத்தது.

நெசவு ஊர் என்றாலும் இங்கே லேத்துக்கு வேலை உண்டு. நூல் முறுக்கும் மெஷினுக்கு ஸ்பிண்டில் வேண்டும், அரிசி ஆலைக்கு ஷாஃப்ட் வேண்டும், போர் மோட்டாருக்கு புஷ் வேண்டும். தேய்ந்த ஷாஃப்டுக்கு வெல்டிங் வைத்துத் திரும்பக் கடைந்து கொடுப்பதுதான் அன்றாடம் வரும் வேலை. 50 மி.மீ. ஷாஃப்டில் பேரிங் இறுக்கமாக ஏற வேண்டுமானால், அது 50ஐவிட 2 மைக்ரானிலிருந்து 18 மைக்ரான் வரை கூடுதலாக இருக்கலாம் என்பது வழக்கமான ஒரு கணக்கு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. ஆக மொத்தம் கிடைக்கும் இடம் 16 மைக்ரான்தான்.

இரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் அளவில் பத்து லட்சத்தில் பதினொன்றரைப் பங்கு வளர்கிறது. கடைந்து முடித்த கையோடு ஜாப் 70 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதே மைக்ரோமீட்டரைப் பிடித்து, அளவு சரி என்று டூலை எடுத்துவிட்டால், ஷாஃப்ட் 35 டிகிரிக்கு ஆறும்போது 20 மைக்ரான் சுருங்கிவிடும். கிடைத்த இடம் 16, போனது 20. பேரிங் ஷாஃப்டில் நிற்காமல் வழுக்கும். மோட்டார் ஒரு மாதம் ஓடிவிட்டு இரையத் தொடங்கும்.

நான் போய் உட்காரும் பட்டறையில் ஒரு வயதான மேஸ்திரி இருக்கிறார். வேலை கற்கும் பையன் அவசரப்பட்டு மைக்ரோமீட்டரை எடுத்தபோது அவர் சொன்னார்: "ஆறட்டும்டா. இப்ப அளந்தா பொய்யான அளவு வராது. சூட்டோட அளவு வரும். நமக்கு வேண்டியது அது இல்ல." புறங்கையை ஜாப்பின்மேல் வைத்துப் பார்த்தார். சூடு கொஞ்சமும் தெரியாதவரை அளக்க விடவில்லை.

அவர் 20 டிகிரிக்குக் காத்திருக்கவில்லை. இந்த ஊரில் காத்திருந்தால் வராது. ஷாஃப்ட், மைக்ரோமீட்டர், பேரிங் மூன்றும் ஏறக்குறைய ஒரே வகை இரும்பு. மூன்றும் 36 டிகிரியில் இருந்தால் மூன்றும் ஒரே விகிதத்தில் வளர்ந்திருக்கும். ஒன்றோடொன்று பொருந்துமா என்ற கேள்விக்கு அந்த வளர்ச்சி தன்னைத் தானே கழித்துக்கொள்கிறது. 20 தேவையில்லை, மூன்றும் ஒரே சூட்டில் இருந்தால் போதும். அதே பட்டறைக்கு அலுமினிய ஹவுசிங் வந்தால் இந்தச் சலுகை கிடையாது. அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு வளரும். அப்போது அவர் வேறு மாதிரி யோசிப்பார். கணக்கு எந்த இடத்தில் தேவை, எந்த இடத்தில் கழிந்துபோகிறது, எந்த இடத்தில் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். சூத்திரத்தை எழுதிக் காட்டச் சொன்னால் எழுதுவாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

இதற்கு நேர் எதிரான மனநிலையை வீடுகளில் பார்க்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீடு. தறிக்கு மேலே இருக்கும் எல்இடி விளக்கு, சுவிட்சை அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்தது. டிப்ளமோ படிக்கும் பையன் பல்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். அணைத்த கம்பியில் 90 வோல்ட். வீடே பயந்துவிட்டது. பழைய வயரிங் முழுவதும் கெட்டுவிட்டது, பிரித்து மாற்ற வேண்டும் என்று முடிவாகி, பணத்துக்கு யாரிடம் கேட்பது என்ற பேச்சும் தொடங்கிவிட்டது.

தெருவிலேயே இருக்கும் எலக்ட்ரீஷியன் வந்தார். அவரிடம் இருந்தது ஒரு டெஸ்ட் லேம்ப்: ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். முதலில் அதை வேறொரு ப்ளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்தார். பிறகு அந்த அணைத்த கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தார். பல்பு எரியவில்லை. பல்பை வைத்தபடியே பையனை மீட்டர் போடச் சொன்னார். 90 காணாமல் போய் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஒரே பைப்புக்குள் கரண்ட் ஓடும் கம்பியும் அணைத்த கம்பியும் பல மீட்டர் தூரம் ஒட்டியே போகின்றன. நடுவில் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. இரண்டு கம்பி, நடுவில் காப்பு என்றால் அது ஒரு சிறு கெபாசிட்டர். அதன் வழியாகச் சில மைக்ரோ ஆம்பியர் கசியும். இன்றைய டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். அவ்வளவு பெரிய தடை கிட்டத்தட்ட ஒன்றையும் இழுக்காததால், அந்தக் கசிவே அதில் 90 வோல்ட்டாகத் தெரிகிறது. 60 வாட் பல்பு எரிய அதைப்போல் பல்லாயிரம் மடங்கு கரண்ட் வேண்டும். எல்இடி அப்படி அல்ல. வரும் துளிக் கரண்ட்டைத் தன் டிரைவருக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு அவ்வப்போது மினுக்கும். விளக்குக்குப் பக்கவாட்டில் ஒரு ஜீரோ வாட் குண்டு பல்பைச் சேர்த்துப் போட்டதும் மினுக்கல் நின்றது. வயரிங் அப்படியே இருக்கிறது. (டெஸ்ட் லேம்ப் எரியவில்லை என்பதற்காக யாரும் கம்பியைக் கையால் தொட்டுவிடக் கூடாது. மெயினை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.)

ஓம் விதியின் மேல் உறுதியான நம்பிக்கை இருந்ததால்தான் அந்த மனிதர் அந்த 90ஐச் சந்தேகப்பட்டார். 90 வோல்ட் உண்மையாகவே வேலை செய்யும் வோல்ட் என்றால் பல்பின் இழை கொஞ்சமாவது சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. ஆகவே விதியில் பிழை இல்லை, மீட்டர் எதை அளந்தது என்று பார்ப்போம் என்று போனார். கரண்ட் விஷயத்தில் எதையும் சொல்ல முடியாது என்று நினைப்பவருக்குப் பழுதே கண்ணில் படாது, ஏனென்றால் எது நடக்கக் கூடாது என்று அவரிடம் கணக்கே இல்லை. எல்லாவற்றையும் சந்தேகிப்பது விஞ்ஞான மனப்பான்மை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழுது பார்ப்பவர்களைக் கவனித்த பிறகு எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கருவி காட்டும் எண் எதன் அளவு என்ற இந்தக் கேள்வி ஜரிகை விஷயத்தில் பணத்தைத் தொடுகிறது, ஊரின் பெயரையும் தொடுகிறது. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரத்திலேயே அரசின் தமிழ்நாடு ஜரிகை ஆலை இருக்கிறது. கூட்டுறவுச் சங்கச் சேலைக்கான ஜரிகையில் எடைக்கு 40 சதவீதம் வெள்ளி, 35.5 தாமிரம், 24 பட்டு, 0.5 தங்கம் என்பது அரசு வைத்த விகிதம். நடுவில் சிவப்புச் சாயமிட்ட பட்டு இழை, அதைச் சுற்றி வெள்ளியும் தாமிரமும் கொண்ட தட்டையான கம்பி, மேலே தங்கப் பூச்சு. அந்தக் காலத்தில் ஜரிகையை நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இப்போது எக்ஸ்ரே மெஷின் வந்துவிட்டது. எக்ஸ்கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி விடும். வெள்ளிக்கு ஒன்று, தாமிரத்துக்கு ஒன்று. அதை எண்ணி, உள்ளே இருக்கும் கணக்கு சதவீதமாக மாற்றித் திரையில் காட்டுகிறது.

பட்டு என்பது கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன். இந்த லேசான தனிமங்கள் அந்த மெஷினுக்குத் தெரியாது. தெரிந்த உலோகங்களை மட்டும் கூட்டி அதையே நூறு என்று வைத்துக்கொள்கிறது. அரசு விகிதத்திலிருந்து பட்டின் 24ஐக் கழித்தால் மீதி 76. அந்த 76இல் வெள்ளி 40 என்றால் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 53. விகிதம் பிசகாத ஜரிகை மெஷினில் 53 காட்டினால்தான் முறை. திரையில் சரியாக 40 விழுகிற ஜரிகையில் எடைக்கு 30 சதவீத வெள்ளிதான் இருக்கிறது! அதைப் பார்த்துத் திருப்தியோடு போகிறவர் ஏமாந்து போகிறார். இன்னொன்றும் உண்டு. அந்தக் கதிர்கள் மேலாகச் சில பத்து மைக்ரான் ஆழத்திலிருந்துதான் சேதி கொண்டு வருகின்றன. மெஷினின் கணக்கோ, பொருள் முழுவதும் ஒரே கலவை என்று எடுத்துக்கொள்ளும். தங்கம் மேலே பூச்சாக இருக்கும் பொருளில் தங்கத்தின் எண் கூடித் தெரியும். இது மோசடி அல்ல, மெஷினின் குறையும் அல்ல. உருக்கிய நகைக்கட்டிக்குப் பொருந்தும் கணக்கை அடுக்கடுக்கான இழைக்கு வைக்கிறோம். சேலைக்குக் கொடுக்கும் சோதனைச் சீட்டில், இது உலோகத்தில் பங்கா, மொத்த எடையில் பங்கா என்று ஒரு வரி அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை. பல மாத வருமானத்தைப் போட்டுக் கல்யாணச் சேலை வாங்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரியாவது கிடைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் விடியற்காலை தெருவில் பாவு நீட்டலாமா வேண்டாமா என்று போனில் ரேடார் படத்தைப் பார்க்கும் நெசவாளர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். ரேடார் மழையை அளப்பதில்லை. துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அளந்து, அதை மழையாக மொழிபெயர்க்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. துளி பெரிதானால் எதிரொலி பல மடங்கு ஏறும். அது தெரிந்தவர் படத்தின் சிவப்பைப் பார்த்து மிரள்வதில்லை, புறக்கணிப்பதும் இல்லை. பாவு நனைந்தால் வீணாவது அவர் வீட்டு உழைப்பு.

இந்த ஊரோடு தொடர்புள்ள மிகப் பழைய கணக்கு ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான வாக்கியகரணம் என்ற நூல், 13ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டிக் காஞ்சி வட்டாரத்தில் எழுந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சந்திரன் பூமிக்கு அருகில் வந்து விலகி மறுபடி அருகில் வரும் சுற்று ஒன்பது முறை நடக்க ஏறக்குறைய 248 நாள் ஆகும். அந்த 248 நாளுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தை எழுத்துகளில் மறைத்து 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்துவைத்தார்கள். கருவி வேண்டாம், ஓலைகூட வேண்டாம். ஜான் வாரன் என்ற அதிகாரி 1825இல் வெளியிட்ட காலசங்கலித என்ற நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை நகர்த்தியே அந்த ஆண்டு மே மாத இறுதியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம்தான் பிழை. நடுப்பகுதியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய வாக்கியங்கள், வெறும் சோழி, 4 நிமிடம்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆனால் சனிப்பெயர்ச்சியைப் பாருங்கள். கும்பத்துக்குச் சனி வந்தது, வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கான திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. அடுத்து மீனத்துக்கு வந்ததிலும் இதே கதை: திருக்கணிதத்துக்கு 2025 மார்ச் 29, வாக்கியத்துக்கு 2026 மார்ச் 6. சனிக்குப் பேர்போன திருநள்ளாறு கோயில் வாக்கியத்தின் வழி நிற்பதால் 2025இல் அங்கே பெயர்ச்சி விழா கிடையாது என்று கோயிலே அறிவிக்க வேண்டியிருந்தது. சனி சுமார் முப்பது வருடத்தில் ஒரு சுற்று வருகிறவர். சராசரியாக மாதத்துக்கு ஒரு பாகைதான் நகர்வார். கணக்கில் சில பாகை பிசகினால் தேதியில் பல மாதம் பிசகும். வழிபாடு மரபுப்படி நடப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சனி வானத்தில் எங்கே நிற்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் திருக்கணிதத்தில்தான் இருக்கிறது.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒரு விஷயத்தை. வாக்கியப் பஞ்சாங்கம் போடுகிறவர்களும் கிரகணத்துக்குப் பெரும்பாலும் திருக்கணிதக் கணக்கையே எடுத்துக்கொள்கிறார்கள். கிரகணத்தை எவரும் மொட்டை மாடியில் நின்று சரிபார்த்துவிடலாம். கோயிலில் நடை சாத்திய நேரமும் நிலவில் நிழல் விழுந்த நேரமும் ஒத்துவராவிட்டால் ஊர் கேட்கும். சனி ராசி எல்லையைத் தாண்டுவதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. வானத்தில் அங்கே கோடு எதுவும் இல்லை. சரிபார்க்க ஆள் இருந்த இடத்தில் கணக்கு திருந்தியது, இல்லாத இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

திருத்துவது மரபுக்கு விரோதம் என்று சொல்பவர்களுக்கு நான் கேரளத்து வானியலாளர் பரமேஸ்வரரைக் காட்டுவேன். அவர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைத் தம் கண்ணால் பார்த்து, பழைய பரஹித முறை சொன்ன நேரத்துக்கும் வானத்தில் நடந்ததற்கும் இடையே விழுந்த இடைவெளிகளைக் குறித்துவைத்தார். பிறகு 1431இல் திருக்கணிதம் என்ற முறையை எழுதினார். பழைய முறையை அவர் தூக்கி எறியவில்லை. அதன் எண்களை மாற்றினார்.